குறுக்கெழுத்தில் ஆரோகண அவரோகணம்: தேக்காவை முன்வைத்து ஓர் ஆய்வு

1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்டு’ நாளிதழில் ஆர்தர் வின் முதல் குறுக்கெழுத்தை வெளியிட்டார் என்கிறார்கள். இருக்கட்டும். ஆங்கிலக் குறுக்கெழுத்துக்கு மேலிருந்து கீழ் உண்டு. கீழிருந்து மேல் கிடையாது. அதாவது வெறும் அவரோகணம். ஆரோகணமில்லாத சரக்கை எந்த வித்துவான் ஒப்புவார்? தமிழ் இதழ்கள்தாம் கீழிருந்து மேலும் வலமிருந்து இடமும் சேர்த்துக் குறை தீர்த்தன.

வலமிருந்து இடம் எங்கிருந்து வந்தது? எழுத்துக்கு எண் தரும் கடபயாதியிலிருந்து என்பது நம் துணிபு. மேசகல்யாணியில் ‘மே’ 5, ‘ச’ 6. திருப்பிப் படித்தால் 65. 72 மேளகர்த்தாக்களில் அதன் இடம் அதுவே. ராகத்தின் பெயரே குறிப்பு, எண்ணே விடை. இதற்குப் பிறகும் நியூயார்க்கைப் பிடித்துத் தொங்குவோரிடம் நமக்குப் பேச்சில்லை.

இனி களஆய்வு. சிங்கப்பூரின் தேக்கா சந்தைக் கோப்பிக்கடையில் ஒரு குறிப்பு: ‘பொங்கலுக்கு முதல்நாள் முன்னே பசு நின்றால் ராகம் (3)’.

“அண்ணே, பசுவுக்கு மூணு எழுத்தா?”

“பசுவுக்கு ஒண்ணுதான் தம்பி. மிச்சம் ரெண்டுல பழைய பாயை எரி.”

ஆ, போகி: ஆபோகி. (அடுக்குமாடி வீட்டில் நிஜமாகவே பாயை எரித்தால் குடிமைத் தற்காப்புப் படை வந்துவிடும்.) இந்த ராகத்தில் பஞ்சமமும் நிஷாதமும் இல்லை, ஏழு கட்டத்தில் இரண்டு கறுப்பு. பசுவுக்கோ பஞ்சமில்லை: பொங்கல் சமயத்தில் கேம்பல் லேனில் மாடுகளைக் கொண்டுவந்து கட்டுவதுண்டு. அந்தக் காலத்தில் இந்த வட்டாரமே மாட்டுத் தொழுவம்தான். பஃபலோ ரோடு இன்னும் சாட்சி சொல்கிறது.

‘முதலிரு சுரங்களுக்குக் கை கொடுத்தால் புடவை மின்னும் (3)’ என்பதைச் சிராங்கூன் சாலைத் துணிக்கடைப் பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு ‘சரிகை’ என்பார்கள். சர்ச்சை அடுத்ததில்: ‘பஞ்சமத்திலிருந்து மூன்று சுரம் ஏறி ஓர் ஒற்றைப் பிடித்தால் பனையிலிருந்து இறங்கும் (4)’. பதநீர். மரமேறிய பிறகே கலயம் இறங்குவதால், இதைக் கீழிருந்து மேலாகவே போடவேண்டும் என்பது நம் விதி.

சுரம் ‘நி’ குறில், பதநீரில் ‘நீ’ நெடிலாயிற்றே என்று இலக்கணப் புலவர்கள் மறுப்பார்கள். நிஷாதத்தை இழுக்காமல் குறிலாகவே பாடி முடித்த பாடகர் ஒருவரை அவர்கள் அழைத்து வரட்டும். ஸ்டார்லைட் சாலையிலுள்ள சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழக வாசலில் காத்திருக்கிறோம்.