கண் எழுதும் நேரம்

எங்கள் வீட்டு சரஸ்வதியின் முதுகில் செய்தித்தாள் எழுத்துகள் இருக்கின்றன. இடவலம் மாறிய எழுத்துகள். சின்ன வயதில் அப்பாவின் சவரக் கண்ணாடியை எடுத்துவந்து பின்னால் பிடித்து, எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறேன். பாதி விளம்பரம், பாதி ஏதோ கூட்டச் செய்தி.

அது 1978 நவராத்திரியில் நடந்தது. அம்மா அந்த மண் பொம்மைக்குப் புதிதாக வர்ணம் கொடுத்து, மேலே வார்னிஷும் அடித்திருந்தாள். மழை ஈரத்தில் வார்னிஷ் முழுசாகக் காயவில்லை. தொட்டால் கையில் ஒட்டாது, அவ்வளவுதான். விஜயதசமி ராத்திரி பொம்மைகளைப் படுக்க வைத்து, மறுநாள் பழைய பேப்பரில் சுற்றிப் பெட்டியில் வைத்தோம். அடுத்த வருஷம் பிரித்தபோது பேப்பரின் எழுத்துகள் பொம்மையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தன. முன்பக்கத்தை அம்மா சுரண்டிச் சரிசெய்தாள். முதுகை அப்படியே விட்டாள். “சுவர்ப் பக்கம்தானே இருக்கப் போறா, இருக்கட்டும்” என்றாள். அடுத்த வேலைக்கு நேரமாகிவிட்டிருந்தது.

அந்தக் காலத்தில் எல்லாமே நேரமாகிவிட்ட வேலைதான். புரட்டாசி பிறந்ததும் பரணிலிருந்து இரண்டு தகரப் பெட்டிகள் இறங்கும். எங்களுக்குக் காலாண்டுப் பரீட்சை லீவு. தெருவில் எல்லோரும் விளையாட, நானும் தம்பியும் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் பொம்மை இடுக்குகளில் தூசி தட்டிக்கொண்டிருப்போம். எனக்கு அழுகையாக வரும். மரப்பாச்சிகளுக்கு வர்ணம் கிடையாது. துடைத்துத் துணி மாற்றினால் போதும். மற்றவர்களுக்கு ஏதாவது ஒரு குறை இருக்கும். செட்டியாருக்கு மூக்கு உதிர்ந்திருக்கும். கிருஷ்ணனின் புல்லாங்குழல் பாதியோடு நிற்கும்.

அம்மாவிடம் பெயின்ட் பெட்டி என்று தனியாக எதுவும் இருந்ததில்லை. கருவேலம் பிசினை ராத்திரியே ஊறப்போட்டு வடிகட்டி, அதில் வர்ணப் பொடியைக் குழைப்பாள். துணிக்குப் போடும் நீலமும் அதில் சேரும். எங்கள் பள்ளிக்கூடத்து போஸ்டர் கலர் புட்டியில் மிச்சம் இருந்தால் அதுவும் போகும். ஜன்னலுக்கு அடித்த பச்சை எனாமல் ஒரு டப்பா அடியில் கிடந்தது. ராமர் அந்தப் பச்சையில்தான் பல வருஷம் இருந்தார். சமையல் முடிந்து, பாட்டிக்கு மருந்து கொடுத்து, பாத்திரம் கவிழ்த்த பிறகு உட்காருவாள். ஒரு ராத்திரிக்கு மூன்று பொம்மை. கொலுவின் ஒன்பது படிக்கும் ஆள் சேர வேண்டுமே.

கண்களை மட்டும் அப்படி எழுதமாட்டாள். எல்லாப் பொம்மைக்கும் உடம்பு, புடவை, நகை எல்லாம் முடித்துவிட்டு, கண்ணைக் கடைசி நாளுக்கு வைத்திருப்பாள். அன்று மத்தியானம் ரேழியில் பாயை விரித்து, “கண்ணு எழுதப் போறேன், யாரும் கூப்பிடாதீங்க” என்பாள். அப்பாகூடக் காபி கேட்கமாட்டார். ஒரு தடவை என்னைப் பக்கத்தில் உட்காரவிட்டாள். பொம்மையை இடது கையில் பிடித்து, முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டாள். பிரஷ்ஷில் நாலைந்து மயிர்தான் இருக்கும். முதலில் மேல் இமை, ஒரே இழுப்பு. பிறகு கருவிழி. கருவிழி மேல் இமையைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். நடுவில் தனியாக நின்றால் பொம்மை பயந்து விழிக்கும். “கைக்குக் கஷ்டமான கண்ணை மொதல்ல எழுது. சுலபமானதை அதுக்கு ஒத்தாப்பல கொண்டு வந்துடலாம்” என்றாள். மூச்சை அடக்கி எழுதுவாள். எழுதி முடித்ததும் ஒரு பெருமூச்சு. அந்தப் பெருமூச்சு எனக்கு இன்னும் கேட்கிறது.

இப்போது பெட்டிகள் என்னிடம் இருக்கின்றன. வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது. சென்னையில் ஃபிளாட்; பால்கனி ஓரம் ஒரு சின்ன மேஜை. பங்குனியிலேயே பெட்டியை இறக்கிவிடுகிறேன். மாதத்துக்கு ஒரு பொம்மை, அதற்கு மேல் எடுப்பதில்லை. ஆக்ரிலிக் வர்ணங்கள், ஐந்து அளவு பிரஷ், உடைந்த விரலை ஒட்ட எம்-சீல் என்று சகலமும் மேஜையில் இருக்கிறது. அம்மாவுக்கு ஒரு ராத்திரியில் முடிந்தது எனக்கு நாலு வாரம் பிடிக்கிறது.

முதல் வருஷம் ராமரைக் கெடுத்தேன். வழுவழுப்பான பழைய எனாமல் மேலேயே ஆக்ரிலிக்கைப் பூசிவிட்டேன். நவராத்திரிக்குள் தோள்பட்டையில் நகம் பட்ட இடத்திலிருந்து வர்ணம் தோல் மாதிரி உரிந்து வந்தது. தண்ணீரில் கரையும் வர்ணத்துக்கு அந்த வழுவழுப்பில் பிடிப்புக் கிடையாது. முதலில் தேய்த்து மேல்தளத்தைச் சொரசொரப்பாக்க வேண்டும், பிறகு பிரைமர், அது காய்ந்த பிறகுதான் வர்ணம். தேய்ப்பதிலும் ஜாக்கிரதை வேண்டும். அந்தக் காலத்து எனாமலில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் அமலுக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதனால் உலர்ந்தபடி உப்புத்தாள் போடுவதில்லை. வாட்டர் பேப்பரை நனைத்து, மாஸ்க் கட்டிக்கொண்டு, ஈரத்தோடு தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தெடுக்கிறேன். சுட்ட மண் பொம்மை இதைத் தாங்கும். காகிதக் கூழ் பொம்மைக்கு ஈரம் ஆகாது, ஊறிவிடும். அதை நான் தேய்ப்பதே இல்லை.

அப்படித் தேய்த்தபோதுதான் செட்டியாரின் தலைப்பாகை ஓரத்தில் அடுக்குகளைப் பார்த்தேன். வெங்காயச் சருகு மாதிரி வளையம் வளையமாக. மேலே அரக்கு. அதன் கீழ் நீலம். அதன் கீழ் ஜன்னல் பச்சை. அக்கா கல்யாணத்துக்காக வீட்டுக்கு பெயின்ட் அடித்த வருஷம் அது. அதற்கும் கீழே பொம்மை வாங்கிவந்தபோது இருந்த மஞ்சள், பிறகு வெள்ளைப் பூச்சு, கடைசியில் செங்கல் நிறத்தில் மண். எங்கள் வீட்டு வருஷங்கள் ஒரு விரல் நகத்தளவு இடத்தில் இருந்தன. அன்றைக்கு அதற்கு மேல் வேலை ஓடவில்லை.

எதிர் ஃபிளாட் பெண் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறாள். சனிக்கிழமைகளில் வர்ணம் பூசாத வெள்ளைப் பொம்மை ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்துவிடுவாள். “ஆன்ட்டி, இதைத் தொட்டா தலைக்குள்ள ஓடற சத்தமெல்லாம் நின்னுடுது” என்கிறாள். உண்மைதான். புடவைக் கரைக்கு ஒரு மெல்லிய கோடு இழுக்கும்போது அந்தக் கோட்டைத் தவிர உலகத்தில் வேறெதுவும் இருப்பதில்லை. போன வருஷம் எனக்குத் தூக்கம் கெட்டிருந்த மாதங்களை இந்த மேஜையில்தான் கடந்தேன். “உங்க அம்மாவுக்கும் இது ஹாபியா?” என்று அவள் கேட்டாள். அந்த வார்த்தை எங்கள் வீட்டில் அப்போது யார் வாயிலும் வந்ததில்லை. ஆனால் கண் எழுதும் அந்த ஒரு மத்தியானத்துக்காக அம்மா வருஷம் முழுக்கக் காத்திருந்தாள் என்று இப்போது நம்புகிறேன். வீட்டில் எல்லோரும் கூப்பிட்டுக்கொண்டே இருந்த ஒருத்தியை யாருமே கூப்பிடாத இரண்டு மணி நேரம் அது. எனக்கு ஆறு மாதம் கிடைக்கிறது. அவளுக்குக் கிடைத்ததெல்லாம் அவ்வளவுதான் என்பது நெஞ்சை அடைக்கிறது.

மதுரைக்குப் போனபோது திருப்பரங்குன்றம் பக்கத்து விளாச்சேரிக்குப் போனேன். தெருவில் வரிசையாகக் காயும் பொம்மைகள். ஓர் அம்மா நூறு பொம்மைக்கும் சேர்த்துச் சிவப்பை முடித்துவிட்டு, பிறகு நூறுக்கும் மஞ்சளை எடுத்தார். என் மேஜையில் ஒரு கோட்டுக்கு நான் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் அவர் பத்துக் கோடு இழுத்தாக வேண்டும். அது அவருடைய சாப்பாடு. அப்படியும் கண் எழுதும்போது மட்டும் பேச்சை நிறுத்தினார். ஒரு ஜோடி தவில், நாதஸ்வரக்காரர் வாங்கினேன். பேரம் பேச மனம் வரவில்லை.

இந்த வருஷம் சரஸ்வதி முறை. புடவை வெள்ளையை மூன்று மெல்லிய பூச்சாகக் கொடுத்தேன். வீணைக்குப் பழுப்பு, நரம்புக்கு ஒரு மயிரிழைப் பொன். நேற்று மத்தியானம் போனை உள்ளறையில் வைத்துவிட்டு, முழங்கையைத் தொடையில் ஊன்றி, கஷ்டமான கண்ணை முதலில் எழுதினேன். இமையைத் தொட்டுக்கொண்டு விழி நின்றது. இன்னொன்றும் அதோடு ஒத்து வந்தது. காயட்டும் என்று பொம்மையைத் திருப்பி வைத்தேன். முதுகுப் பக்கத்தில் நான் பிரஷ் வைக்கவில்லை.