முடவாட்டுக்காலும் மூட்டுவலிக்காரரும்

மூட்டுவலிக்கு மருத்துவர் எழுதித் தரும் குளுக்கோசமின் மாத்திரைக்கு மாற்றாக, கொல்லிமலையில் கிடைக்கும் முடவாட்டுக்கால் கிழங்கு பயன் தருமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். எனினும் விடுமுறை முடிந்து மலையிறங்கிய சுற்றமும் நட்பும் ஆளுக்கொரு கிழங்கை மூட்டுவலிக்காரர் வீட்டில் இறக்கிவிட்டுப் போயிருக்கும் இவ்வேளையில், அந்நோக்கம் சற்றே காத்திருக்க வேண்டியிருக்கிறது.

கிழங்கு என்று வழங்கினும் இது மண்ணுக்குள் விளைவதன்று. பாறையிலும் மரத்திலும் பற்றிப் படரும் ஒருவகைப் பெரணியின், அதாவது பூவும் விதையுமின்றி வித்துத்தூள் தூவி இனம் பெருக்கும் செடியின், தண்டு அது. பழுப்புச் செதில்கள் மயிராக அடர்ந்து ஆட்டுக்காலின் தோற்றம் தருவதால் இப்பெயர் பெற்றது. மயிரைச் சுரண்டி, இடித்து, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் சேர்த்துக் கொதிக்கவைத்தால் சூப்பு. பெயரில் ஆடிருந்தும் குவளையில் ஆடில்லை என்பதால் சைவ உணவினர் இதைப் பெரிதும் போற்றுகின்றனர். அவர்களே காலையில் விழுங்கும் குளுக்கோசமின் பெரும்பாலும் நண்டு, இறால் ஓடுகளிலிருந்தும், அதனுடன் சேரும் காண்ட்ராய்ட்டின் மாடு முதலியவற்றின் குருத்தெலும்பிலிருந்தும் எடுக்கப்படுகின்றன என்பதை அவர்களிடம் சொல்லாதிருப்பதே நல்லுறவுக்கு உகந்தது.

சூப்பு மலிவு என்பதில் ஐயமில்லை. அதைக் குடிக்கப் போகும் வழிதான் மலிவன்று. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் முன்னிருக்கையின் முதுகில் முழங்கால் இடிபட ஏறிச் சென்று, அறப்பளீசுவரரை வணங்கியபின், ‘இவ்வளவு தூரம் வந்துவிட்டு’ என்னும் தமிழரின் மாற்றமுடியாத பயண விதிப்படி, ஆகாய கங்கை அருவிக்கு ஏறத்தாழ ஆயிரம் படிகள் இறங்கியாக வேண்டும். படியிறங்குகையில் முழங்கால் மூட்டின்மீது உடல் எடையைப் போல் மூன்று மடங்குக்கும் மேலான சுமை விழுகிறது என்பர். அச்சுமையை ஆயிரம் முறை வாங்கி, அருவியில் பத்து நிமிடம் நின்று, அதே படிகளில் கைப்பிடியைப் பற்றியவாறு ஏறி மேலே வருபவரின் எதிரில், “குடிங்க சார், முட்டிவலி பறந்துரும்” என்ற குரலுடன் ஆவி பறக்கும் குவளை நீளுகிறது. அவர் உட்கார்ந்து குடிக்கிறார். உட்கார்ந்ததால் வலி குறைகிறது. பேர் சூப்புக்குப் போகிறது. ஐயம் நீங்கும்பொருட்டு இரண்டாவது குவளையும் உட்கார்ந்தே குடிக்கப்பட, வலி மேலும் குறைகிறது. மெய்ப்பிக்கப்பட்ட அம்மருந்தை வாங்கும்போதே பலாப்பழம், அன்னாசி, மிளகு, மலைத்தேன் ஆகியனவும் பைகளில் ஏற, அவற்றை வண்டிவரை சுமந்தவர் இரவு விடுதியில் வலி நிவாரணித் தைலம் தேய்த்துக்கொண்டே, மறுநாள் யார் யாருக்குக் கிழங்கைப் பரிந்துரைப்பது என்று கணக்கிடுகிறார்.

மாத்திரையின் தரப்பிலும் பெருமைப்பட அதிகமில்லை. அமெரிக்காவில் முழங்கால் வலியுள்ள 1,583 பேரிடம் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், குளுக்கோசமினும் காண்ட்ராய்ட்டினும் மருந்தில்லாத போலி மாத்திரையைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் மேலானவையாகத் தெரியவில்லை; போலி மாத்திரை விழுங்கியவர்களிலேயே நூற்றுக்கு 60 பேருக்கு வலி ஐந்தில் ஒரு பங்கேனும் குறைந்திருந்தது. கிழங்கின் சாறு எலிகளின் வீக்கத்தைக் குறைத்ததாக ஆய்வுகள் உண்டு. ஆயின் அவ்வெலிகள் எவையும் ஆகாய கங்கைக்கு இறங்கி ஏறியவை அல்ல. வேலியில் காசின்றிப் படர்ந்து, தோசை மாவில் அரைபடக் காத்திருக்கும், மூட்டுவலிக்கென்றே வழங்கும் முடக்கற்றான் கீரையையோ எவரும் புகழ்வதில்லை. அதைப் பறிக்க மலையேற வேண்டாம், நிழற்படமும் எடுக்க முடியாது.

வாதநோயைத் தீர்ப்பதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமொன்று தடுக்கிறது. சுற்றத்தாரைத் தடுக்கும் சட்டம் இன்னும் இயற்றப்படவில்லை. மாத்திரைப் பட்டை விலை மிகுந்ததேயாயினும், வாரந்தோறும் தொலைபேசியில் அழைத்து “சாப்பிட்டீங்களா, இல்லையா?” என்று அது கேட்பதில்லை என்பதை, இவ்வரிகளை எழுதுபவர் உள்ளிட்ட மூட்டுவலிக்காரர் அனைவரும் நன்றியுடன் ஒப்புக்கொள்வர்.

மூட்டுத் தேய்மானத்துக்கு மருத்துவ வழிகாட்டுதல்கள் முதலிற் சொல்வன தொடைத்தசையை வலுவாக்கும் பயிற்சியும், எடை மிகுந்தோர்க்கு எடைக்குறைப்புமே. நாற்காலியில் அமர்ந்து காலை நேரே நீட்டி, சில நொடி நிறுத்தி, இறக்குவதற்குக் காசு தேவையில்லை. ஆனால் அதைப் பையில் போட்டு எடுத்துவந்து நீட்ட முடியாது. ஆகவே கிழங்கே வருகிறது. வந்த கிழங்கின் மயிரைச் சுரண்டி நறுக்க, முழங்காலுக்கு ஆகவே ஆகாதென மருத்துவர் விலக்கிய குந்திய நிலையில், அரிவாள்மணைமுன் அமர்பவர் பெரும்பாலும் அவ்வீட்டு மூட்டுவலிக்காரியே. கொண்டுவருவோர் அதைச் சுரண்டியாவது கொண்டுவந்தால், பாதி வைத்தியம் அங்கேயே முடிந்துவிடும்.