பேனல் அண்ணன்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தீபாவளி போனஸ் அக்கவுண்ட்டில் விழுந்த மறுநாள், கம்பெனி பஸ்ஸில் ஒருவரைச் சுற்றி மட்டும் கூட்டம் இருக்கும். அவர் சூப்பர்வைசரும் இல்லை, யூனியன் தலைவரும் இல்லை. அவர்தான் பேனல் அண்ணன். சம்பளம் வாங்குவது ரோலிங் மில் ஸ்டோர்ஸில். உழைப்பது அடுத்தவர் வீட்டு டிவிக்காக.

பொன்னேரியிலிருந்து ஆரம்பாக்கம் வரை ஷிப்டுக்கு ஒரு பேனல் அண்ணனாவது தேறுவார். “டிவி வாங்கலாம்னு இருக்கேண்ணே” என்று சொல்லிப் பாருங்கள். ஹால் எவ்வளவு பெரிசு, வீட்டில் யார் பார்ப்பார்கள் என்றெல்லாம் கேட்க மாட்டார். கண்ணை இடுக்கிக்கொண்டு, “என்ன பேனல் பாக்குறே?” என்பார். நாம் திருதிருவென விழிக்கிற அந்த நேரத்தில் டிவியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அவர் கைக்குப் போய்விடும். இஎம்ஐ கட்டும் பொறுப்பு மட்டும் நம்மிடமே நிற்கும்.

அண்ணனின் ஞானத்துக்கு மூலம் அவர் மச்சான். 2007-இல் தொடங்கிய ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலை இருக்கும் சாலையில் மச்சானுக்குத் தினமும் வேலை. காய்கறி வண்டி ஓட்டுகிறார். “உள்ளே என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியும்டா” என்று அண்ணன் சொன்னால், அதற்குமேல் யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை.

வரி விஷயத்திலும் அவர் வைத்ததுதான் சட்டம். “ஜிஎஸ்டி குறையட்டும், பொறு” என்று பலரை நிறுத்தி வைத்திருந்தார். 2025 செப்டம்பர் 22 முதல் 32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவிக்கு வரி 28-லிருந்து 18 சதவீதம் ஆனதும், தானே கையெழுத்துப் போட்டதுபோல் பஸ்ஸில் வலம் வந்தார். “நூத்துக்குப் பத்து ரூபா லாபம்!” உண்மையில் வரியோடு 128 ரூபாய் விற்ற பொருள் 118 ஆகிறது, நூற்றுக்கு எட்டு ரூபாய்கூட முழுதாகக் குறையவில்லை. கணக்குப் போட்டுக் காட்டிய அக்கவுண்ட்ஸ் பையனிடம் அண்ணன் இன்னும் பேசுவதில்லை.

ஜிஎன்டி ரோடு ஷோரூமுக்குள் நுழைந்ததும் எல்லோரும் திரையைப் பார்ப்பார்கள். அண்ணன் டிவிக்குப் பின்னால் போவார். விரல் முட்டியால் இரண்டு தட்டு. காதை வைத்து ஒரு கேட்பு. பிறகு தீர்ப்பு: “இது விஏ பேனல், கறுப்பு கறுப்பாத் தெரியும். அது ஐபிஎஸ், சைடுல உக்காந்து பாத்தாலும் கலர் மாறாது.” சொல்வது சரிதான். ஆனால் தட்டினால் அது எப்படித் தெரியும் என்று சேல்ஸ்மேனுக்கே புரிவதில்லை.

வரிசையாக மாட்டிய எல்லாத் திரையிலும் ஒரே பஞ்சவர்ணக் கிளி, ஒரே பனிமலை, ஒரே தேன் சொட்டு. வீட்டம்மா மட்டும் கேட்பார்: “தம்பி, ஏதாவது சீரியல் போட்டுக் காட்டுங்களேன்.” கடையில் கேபிள் கனெக்‌ஷன் இல்லை. ஆரம்பாக்கத்து மாமியாருக்குத் தெலுங்கு சேனல் வேண்டும்; ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல நம்பரே இல்லையேப்பா?” என்பார். “வாயால சொன்னா போதும்மா, அதுவே போடும்” என்று அண்ணன் சமாதானம் சொல்வார். 55 இஞ்ச், 4கே, பில் போட்டாயிற்று.

கூத்து வீட்டில்தான் ஆரம்பம். 2006-இல் தொடங்கிய அரசின் இலவச கலர் டிவி 14 இஞ்ச். அதற்கு அளவெடுத்து வைத்த கடப்பா கல் ஷெல்ஃபுக்கு முன்னால், நான்கு அடி அகலப் பெட்டி வந்து நிற்கிறது. எதிர்ச் சுவரில் மாட்டினால் சாமி மாடத்தில் பாதி மறைகிறது. ஒருவழியாக மாட்டி, பழைய எஸ்டி பாக்ஸைச் சொருகினால், கதாநாயகி முகம் மாவு பூசினாற்போல் மங்கலாக வருகிறது. காரணம் எளிது. பாக்ஸ் தரும் படம் 720-க்கு 576 புள்ளி. திரையில் இருப்பது 3840-க்கு 2160. வருகிற ஒரு புள்ளியை இருபதாக இழுத்து நிரப்புகிறது டிவி. அண்ணன் பின்பக்கம் போய்த் தட்டிப் பார்த்துவிட்டு, “சிக்னல் வீக்குடா” என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டுகிறார்.

இத்தனைக்கும் அவர் வீட்டில் படம் பளிச்சென்று வருகிறது. அண்ணன் நைட் ஷிப்டில் இருந்தபோது அண்ணி போய் வாங்கி வந்த டிவி அது. 43 இஞ்ச், எச்டி பாக்ஸ், நம்பர் போட்ட ரிமோட். என்ன பேனல் என்று அண்ணிக்குத் தெரியாது. அண்ணனும் இதுவரை தட்டிப் பார்த்ததில்லை.

ஆகவே, டிவி வாங்கப் போகிறவர்களே, கட்டிலுக்கும் சுவருக்கும் எத்தனை அடி என்று டேப் வைத்து அளந்துவிட்டுப் போங்கள். பாக்ஸ் எஸ்டியா எச்டியா என்று கேபிள்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கிளியும் தேனும் போதும், வீட்டில் பார்ப்பதைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பேனல் அண்ணனையும் தாராளமாகக் கூட்டிப் போகலாம். பேரம் பேசுவதிலும் பெட்டியை மாடியேற்றுவதிலும் அவரை மிஞ்ச ஆளில்லை. எந்த டிவி என்று மட்டும், தினமும் உட்கார்ந்து பார்க்கிறவர் சொல்லட்டும்.