சிங்கத்துக்கு முகூர்த்தம் குறிப்பவர்

சஃபாரி திட்டக்காரர் என்பவர், ஆப்பிரிக்கப் புல்வெளியில் எந்த விலங்கை எந்தத் தேதியில் எத்தனை மணிக்குப் பார்ப்பது என்று வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடியே முடிவு செய்துவிடுபவர். முனிச், டெக்சாஸ், மும்பை, கோயம்புத்தூர் என்று எல்லா ஊர்களிலும் பிறக்கிறார். கென்யாவின் மாசாய் மாராவிலும் தான்சானியாவின் செரெங்கெட்டியிலும் ஜூலை முதல் அக்டோபர் வரை இவரைத் திரளாகக் காணலாம். திரளாக வந்தாலும் வண்டிக்கு ஒருவர்தான். ஒரே வண்டியில் இரண்டு திட்டக்காரர்கள் ஏறிவிட்டால் ஓட்டுநர் பாவம்.

வேலை ஓராண்டுக்கு முன்பே தொடங்கிவிடும். மற்றவர்கள் விமான டிக்கெட் விலை விசாரித்துக்கொண்டிருக்கையில் இவர் வில்டபீஸ்ட் மான் மந்தைகளின் நடமாட்டத்தை மனப்பாடம் செய்துகொண்டிருப்பார். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட்டுகளும் லட்சக்கணக்கான வரிக்குதிரைகளும் மழையையும் புல்லையும் தேடி ஆண்டு முழுக்கச் சுற்றிவருகின்றன. ஆண்டின் தொடக்கத்தில் செரெங்கெட்டியின் தெற்கே ந்டூட்டு சமவெளியில் கன்று ஈனும். மே, ஜூன் வாக்கில் மேற்கே குருமெட்டி ஆற்றுப் பக்கம் நகரும். ஜூலைக்குப் பிறகு வடக்கே மாரா ஆற்றைக் கடக்கும். நவம்பரில் சிறுமழை விழுந்ததும் தெற்கே திரும்பும். இவ்வளவும் சரி. மார்ச் முதல் மே வரை பெருமழைக் காலம் என்பதும், மாராவின் கரிசல் மண்ணில் அப்போது வண்டி புதைந்தால் அதை இழுக்க இன்னொரு வண்டி வர வேண்டும், அதையும் இழுக்க மூன்றாவது வண்டி வர வேண்டியிருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். இவர் மட்டும் இல்லாவிட்டால் குடும்பம் மொத்தமும் பள்ளிக்கூட விடுமுறையை நம்பி ஏப்ரலில் கிளம்பிப் போய்ச் சேற்றில் நின்றிருக்கும். மாதத்தைத் தேர்ந்தெடுக்கும் வரை திட்டக்காரர் மதிக்கத் தக்க மனிதர். மாதத்திலிருந்து நாளுக்கும் நாளிலிருந்து மணிக்கும் இறங்கும்போதுதான் வம்பு ஆரம்பமாகிறது.

அட்டவணை எக்செல் கோப்பில் உருவாகும். மாதிரிக்கு ஒரு நாள்: ஆகஸ்ட் 12, காலை 6.15, சிங்கம், குட்டிகளுடன். 7.40, சிவிங்கிப்புலி, ஓடும் நிலையில். 9.00, வேலமரத்தடியில் சிற்றுண்டி. 10.30, ஆற்றைக் கடத்தல். மாலை 4.45, சிறுத்தை, மரத்தின் மேல். 6.15, யானை, அஸ்தமனப் பின்னணியில். கடைசிப் பத்தியின் தலைப்பு 'மாற்று ஏற்பாடு'. சிறுத்தை கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதற்கு நேரே 'சிறுத்தை, மறுநாள்' என்று எழுதியிருக்கும். 'மனைவியின் விருப்பம்' என்றும் ஒரு பத்தி உண்டு. அது காலியாக இருக்கும்.

இந்த அவசரத்துக்குப் பின்னால் கணக்கு இருக்கிறது. ஜூலை முதல் டிசம்பர் வரை மாரா காப்பகத்துக்குள் ஒரு வெளிநாட்டவர் ஒரு நாள் இருக்க 2024 முதல் 200 டாலர் கட்டணம். காலை 6 முதல் மாலை 6 வரை 12 மணி நேரம். திட்டக்காரர் வகுத்துப் பார்த்திருக்கிறார்: நிமிடத்துக்கு ஏறக்குறைய 28 சென்ட். குழந்தைகள் வரிக்குதிரையை ஆறு நிமிடம் பார்த்தால் ஒன்றரை டாலருக்கு மேல் போயிற்று. அதனால்தான் வரிக்குதிரைக்கு முதல் நாளில் மட்டும், அதுவும் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு.

பட்டியலின் தலையில் 'பிக் ஃபைவ்' எனப்படும் ஐந்து பெயர்கள்: சிங்கம், சிறுத்தை, யானை, காட்டெருமை, காண்டாமிருகம். இது பார்க்க வருகிறவர்கள் போட்ட பட்டியல் அல்ல. நடந்துபோய்ச் சுடுவதற்கு மிக ஆபத்தானவை எவை என்று துப்பாக்கிக்காரர்கள் வகுத்தது. அமெரிக்க அதிபர் பதவியிலிருந்து இறங்கிய கையோடு தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் இந்தப் பக்கம் வந்தார். அவரும் அவர் மகனும் சேர்ந்து 512 பெரிய விலங்குகளைச் சுட்டார்கள். இன்று துப்பாக்கி போய் 600 மில்லிமீட்டர் லென்ஸ் வந்துவிட்டது, பட்டியல் மட்டும் அப்படியே இருக்கிறது. காட்டெருமையின் முகத்தில் எந்நேரமும் கடன்காரரைக் கண்ட எரிச்சல் தெரியும். அழகென்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் ஐவரில் ஒருவர் என்பதால் அதற்கு இருபது நிமிடம். ஒட்டகச்சிவிங்கி பட்டியலில் இல்லை. நீர்யானையும் இல்லை. ஊதா மார்புப் பனங்காடை வண்டிக்குப் பக்கத்துக் கிளையில் வந்து உட்கார்ந்து எல்லா நிறத்தையும் விரித்துக் காட்டினாலும் 'பறவை' என்பதோடு முடிந்துவிடும்.

மூட்டை கட்டுவதில் திட்டக்காரரை மிஞ்ச ஆளில்லை. நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து மாராவுக்குப் போகும் சிறு விமானங்களில் ஆளுக்கு 15 கிலோதான், அதுவும் மடங்கும் துணிப்பையில். இவர் வீட்டுத் தராசில் செருப்பைக்கூட நிறுத்துப் பார்த்திருப்பார். கருப்பும் நீலமும் ட்செட்சி ஈயை இழுக்கும் என்று படித்திருப்பதால், உடன் வரும் மைத்துனரின் நீலச் சட்டையை விமான நிலையத்திலேயே மாற்றவைப்பார். (ஈயைப் பிடிக்க மாட்டும் பொறிகள் உண்மையிலேயே கருப்பு நீலத் துணியில்தான் செய்யப்படுகின்றன. மைத்துனர் இதை நம்புவதில்லை.) ராணுவப் புள்ளிபோட்ட உடையை ஜிம்பாப்வேயிலும் ஜாம்பியாவிலும் பொதுமக்கள் அணியக் கூடாது என்பதையும், கென்யாவுக்கு மட்டுமே போகிறவர்களிடமும், சொல்லிவைப்பார்.

தமிழ்நாட்டிலிருந்து கிளம்புகிறவர் என்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி தனி அத்தியாயம். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் ஊசி போட்டுக்கொண்டு, பத்து நாள் கழிந்த பிறகே சான்று செல்லும் என்பதைக் கணக்கிட்டு, சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள் என்று குடும்பத்தை மிரட்டி, ஆளுக்கு மூன்று நகல் எடுத்து வைத்திருப்பார். இத்தனையும் செய்துவிட்டு, முறுக்கையும் தட்டையையும் பாலித்தீன் கவர்களில் கட்டி எடுத்துப்போவார். கென்யா 2017லேயே பாலித்தீன் பைகளைத் தடை செய்துவிட்டது. விமான நிலையத்தில் முறுக்கு மிஞ்சும், கவர் போய்விடும். மாராவுக்கு முறுக்கு வந்து சேர்வது தொப்பிக்குள்.

இனி ஓட்டுநர். இங்கே ஓட்டுநர்தான் வழிகாட்டியும். கென்யாவில் இவர்கள் தேர்வு எழுதி வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று படிப்படியாகத் தரம் பெறுகிறவர்கள். தங்கம் வாங்கியவர் மிகச் சிலரே. குண்டும் குழியுமான பாதையில் லேண்ட் க்ரூஸர் குலுங்கும்போது "இது ஆப்பிரிக்க மசாஜ், இதற்குக் காசு கிடையாது" என்பது இந்தத் தொழிலின் பொது நகைச்சுவை. எல்லா ஓட்டுநர்களும் சொல்வார்கள், எல்லாப் பயணிகளும் சிரித்தாக வேண்டும். அந்தக் குலுக்கலிலேயே திட்டக்காரர் அட்டவணையை நீட்டுவார். ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பொறுமையாகப் படிப்பார். "நல்ல வேலை சார்" என்பார். நான்காக மடித்து முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பார். அதன்மேல் தண்ணீர் பாட்டிலை வைப்பார். அத்துடன் அட்டவணையின் அதிகாரபூர்வமான வாழ்வு முடிந்தது. அதன் நகல் திட்டக்காரரின் சட்டைப் பையில் இருப்பதுதான் சிக்கல்.

ஓட்டுநர்கள் வானொலியில் ஸ்வாஹிலியில் பேசிக்கொள்வார்கள். 'சிம்பா' சிங்கம், 'சூய்' சிறுத்தை என்ற இரண்டு சொற்களை மட்டும் திட்டக்காரர் படித்துவந்திருப்பார். கரகரப்புக்கு நடுவே 'சிம்பா' காதில் விழுந்ததும் இருக்கையைவிட்டு எழுந்துவிடுவார். சிங்கத்தை 'மீசை' என்றும் வேறு பட்டப்பெயர்களாலும் ஓட்டுநர்கள் குறிப்பிடும் வழக்கம் இவரை உத்தேசித்தே வந்திருக்க வேண்டும்.

காலை 6.15 சிங்கம் பெரும்பாலும் கிடைத்துவிடும். விடியலின் குளிரில்தான் வேட்டை விலங்குகள் நடமாடும் என்பதால் ஆறு மணிக்கே கிளம்புவது எல்லோருக்கும் பொதுவான நடைமுறை. ஆனால் நாளில் இருபது மணி நேரம்கூடத் தூங்கக்கூடிய விலங்கு அது. நான்கு காலையும் மேலே தூக்கி, வாயைப் பிளந்து மல்லாந்து கிடக்கும். திட்டக்காரர் ஒரு டிக் அடிப்பார். "அடுத்தது?" என்பார்.

அடுத்ததைத் தேடிப் போகும் வழியில், மேட்டின்மேல் மூன்று ஒட்டகச்சிவிங்கிகள் நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம். ஓட்டுநர் எஞ்சினை அணைப்பார். "ஒட்டகச்சிவிங்கி நேற்றே பார்த்தாயிற்று" என்பார் திட்டக்காரர், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி. ஓட்டுநர் ஒட்டகச்சிவிங்கியைப் பார்ப்பதில்லை, அது பார்க்கும் பக்கத்தைப் பார்க்கிறார். மேய்கிற ஒட்டகச்சிவிங்கிகள் ஆளுக்கொரு பக்கம் நிற்கும். மூன்றும் மெல்லுவதை நிறுத்திவிட்டு ஒரே திக்கில் கண்ணை நாட்டினால், அந்தத் திக்கில் கொன்று தின்னும் ஏதோ ஒன்று இருக்கிறது. இம்பாலா மான் சீறினாலும், கறையான் புற்றின்மேல் நிற்கும் டோபி மான் அசையாமல் வெறித்தாலும், கழுகு வட்டமிடாமல் நேராக இறங்கினாலும் சேதி ஒன்றே. இப்படித்தான் இங்கே விலங்குகளைக் கண்டுபிடிக்கிறார்கள். எக்செல் கோப்பில் இதற்குப் பத்தி கிடையாது. ஐந்து நிமிடம் கழித்து, ஓடைக்கரை மரத்தின் கவட்டிலிருந்து ஒரு புள்ளிவால் தொங்குவது தெரியும். மணி 7.25. திட்டக்காரருக்கு ஒரு கணம் தலை சுற்றும். சிறுத்தை மாலை 4.45க்கு அல்லவா? பிறகு பேனாவை எடுத்து 4.45ஐ அடித்துவிட்டு 7.25 என்று எழுதி டிக் போடுவார். இந்தத் திருத்தம் கவனிக்கத் தக்கது. திட்டக்காரரின் அட்டவணை தோற்றதே இல்லை என்பதன் ரகசியம் இதில்தான் இருக்கிறது.

மாரா ஆற்றங்கரையில் இந்த ரகசியம் முழு உருவம் எடுக்கும். 10.30க்கு வண்டி ஆஜர். மந்தையும் ஆஜர். எதிர்க்கரையில் புழுதி பறக்க ஆயிரக்கணக்கில் வந்து நெருக்குகின்றன. முன்வரிசை வில்டபீஸ்ட் ஒன்று தண்ணீர் வரை இறங்கி முகர்ந்து பார்க்கும். வண்டிகளில் மூச்சு நிற்கும். அது திரும்பிவிடும். மொத்த மந்தையும் அதன் பின்னால் திரும்பி மேட்டுக்கு ஓடும். அரை மணியில் மறுபடி வரும், மறுபடி முகரும், மறுபடி திரும்பும். நாள் முழுக்க இப்படியே நடந்துவிட்டு இருட்டியதும் மேயப் போய்விடுவதும் உண்டு. வண்டியைவிட்டு இறங்கக் கூடாது. கழிப்பறைக்குப் போக வேண்டியவர் "டயரைப் பார்க்க வேண்டும்" என்று ஓட்டுநரின் காதில் சொல்ல வேண்டும். அவர் பாதுகாப்பான இடமாகப் பார்த்து வண்டியை ஓட்டிக்கொண்டு போவார். ஒரு மணிக்குள் எல்லோரும் டயரைப் பார்க்க விரும்புவார்கள். திட்டக்காரர் மட்டும் அசையமாட்டார். முதலையின் கடிவிசை, ஆற்றின் ஆழம் என்று யாரும் கேட்காத விவரங்களைச் சொல்லிக்கொண்டிருப்பார்.

3.10க்கு ஒன்று குதிக்கும். அதன்பின் யாராலும் நிறுத்த முடியாது. கரையிலிருந்து சரிந்து, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, தலையை மட்டும் தூக்கி நீந்தி, இந்தக் கரையில் சேற்றில் வழுக்கி ஏறும். கன்றைத் தொலைத்த தாய் நடுவழியில் திரும்பி எதிர்த்து நீந்தும். மைத்துனர் கைப்பேசியைக்கூட எடுக்காமல் வாய் பிளந்து நிற்பார். திட்டக்காரர் குனிந்திருப்பார். 10.30ஐ அடித்துவிட்டு 3.10 என்று எழுதிக்கொண்டிருப்பார்.

தான்சானியாவின் ந்கொரோங்கோரோ பள்ளத்தாக்கில் காண்டாமிருகம் விரைவாக முடியும். ஏறக்குறைய 600 மீட்டர் உயரச் சுவர்கள் சூழ்ந்த எரிமலை வாய் அது. ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் சாம்பல் நிறத்தில் ஏதோ தெரியும். தொலைநோக்கியைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்துக் கல்லா விலங்கா என்று வாதம் நடக்கும். "அசைந்தது" என்று திட்டக்காரர் தீர்ப்பளிப்பார். டிக்.

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவில் இதே மனிதர் சற்று வேறு மாதிரி. அங்கே சொந்தமாக வண்டி ஓட்டலாம் என்பதால் மடக்க ஓட்டுநர் இல்லை. தார்ச் சாலையில் 50, மண் சாலையில் 40 கிலோமீட்டர் வேகம். வாயில் மூடும் நேரம் மாதத்துக்கு மாதம் மாறும். இவற்றை வைத்து இவர் தூரமும் நேரமும் கணக்கிட்டு மகிழ்வார். முகாம்களில் வரைபடப் பலகை ஒன்று இருக்கும். அன்று யார் எங்கே எதைப் பார்த்தார்கள் என்று வண்ணக் காந்தக் குறிகளால் காட்டுவார்கள். இவர் அதைப் படம் பிடித்துக்கொண்டு மறுநாள் விடியலில் அதே இடங்களுக்கு வரிசையாகப் போய், நேற்றைய சிங்கங்கள் இருந்த இடத்தைத் தவறாமல் பார்த்துவிடுவார்.

ஊர் திரும்பியதும் அட்டவணை சுத்தப்பிரதி எடுக்கப்படும். அடித்தல் திருத்தல் மறைந்து, சிறுத்தை 7.25, ஆற்றைக் கடத்தல் 3.10 என்று ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் திட்டமிட்டிருந்த தோரணையில் வாட்ஸ்அப்பில் உறவினர்களுக்கும் அலுவலக நண்பர்களுக்கும் போகும். அடுத்த ஆகஸ்டில் யாரோ ஒருவர் அதை அச்செடுத்துக்கொண்டு மாராவில் இறங்கி, 3.10க்கு ஆற்றங்கரையில் இருக்க வேண்டும் என்று ஓட்டுநரிடம் நீட்டுவார். அவரும் "நல்ல வேலை சார்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் தேடுவார்.

அப்படி ஒரு தாள் கைக்கு வந்தால் கிழித்துப் போட வேண்டியதில்லை. தடுப்பூசிக் கணக்கு, பையின் எடை, போக வேண்டிய மாதம் ஆகிய மூன்றும் அதில் துல்லியமாக இருக்கும், நகலெடுத்துக்கொள்ளலாம். முறுக்கைத் துணிப்பையில் கட்டிக்கொள்ளவும்.