பத்திரிகைப் பாஷைக்காரர்

எங்கள் தெருவில் பெரியவர் ஒருவர் இருக்கிறார். தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்து, நாளிதழின் ஒவ்வொரு தாளையும் டெண்டர் விளம்பரம் ஈறாக அரை நூற்றாண்டாய் வாசித்து வாசித்து, சொந்தமாகப் பேசும் சக்தியையே பத்திரிகைகளுக்குத் தானம் செய்துவிட்ட மகானுபாவர் அவர். வீட்டுப் பூனையை இரண்டு நாள் காணாவிட்டால் 'மாயம்' என்பார். அது திரும்பி வந்து பாலைக் குடித்துவிட்டால் 'மர்ம நபர் கைவரிசை' என்பார். தூறல் விழுந்தாலே 'இயல்பு வாழ்க்கை பாதிப்பு'தான். அவருடைய இயல்பு வாழ்க்கையோ திண்ணையில் சாய்ந்திருப்பது. எந்த மழையிலும் அது பாதிக்கப்பட்டு நான் பார்த்ததில்லை.

கிணறு தோண்டும்போது மண் அடுக்கடுக்காகத் தென்படுவதுபோல, அவர் பேச்சிலும் காலத்தின் படிவுகள் உண்டு. 1882-இல் ஜி. சுப்பிரமணிய ஐயர் தொடங்கிய சுதேசமித்திரனைத் தகப்பனார் வாசித்தவராகையால், பிதுரார்ஜிதமாக வந்த 'அக்கிராசனர்', 'அபேட்சகர்', 'காரியதரிசி' எல்லாம் அடியில் கிடக்கின்றன. 1942-இல் மதுரையில் ஆதித்தனார் தொடங்கிய தினத்தந்தி, எழுத்துக் கூட்டிப் படிப்பவனுக்கும் விளங்கும்படி செய்தியைச் சிறு வாக்கியங்களாக நறுக்கிக் கொடுத்ததன் பயனாக, மேலே ஓர் இளகிய படிவு. ஆகவேதான் கோயில் கமிட்டித் தேர்தலன்று, "அபேட்சகர் போட்டியின்றித் தேர்வு, பொதுமக்கள் மகிழ்ச்சி!" என்று இரண்டு தலைமுறைகளை ஒரே மூச்சில் விட்டார்.

எளிமையை நான் குறை சொல்லவில்லை. குற்றவாளியைப் போலீசார் 'வலைவீசித் தேடுகிறார்கள்' என்று முதன்முதல் எழுதிய நிருபர் சந்தேகமின்றி ஒரு கவி; லட்சத்தோராவது முறை எழுதியவர் வெறும் குமாஸ்தா. நம் பெரியவர் அந்தக் குமாஸ்தாவின் பரம சிஷ்யர். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பேரனுக்கும் வலைதான். அவன் பரண்மேல் இருந்தான்.

இவரை வெல்லக்கூடிய ஜீவன் உலகில் ஒன்றே ஒன்று, அவருடைய தர்மபத்தினி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் அங்கே உட்கார்ந்திருக்கையில், "காபி வழங்குவதில் நிலவும் காலதாமதம் குறித்துச் சம்பந்தப்பட்டவர்கள் உடனடியாக விளக்கம் அளிக்க வேண்டும்" என்று உள்நோக்கி முழங்கினார். அடுக்களையிலிருந்து நிதானமாகப் பதில் வந்தது: "பால்காரருக்கு இரண்டு மாத பாக்கி தராத காரணத்தால், காபி தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டிருக்கு."

பெரியவர் சட்டையை மாட்டிக்கொண்டு பால்காரர் வீட்டுக்குக் கிளம்பினார்.