ஒரு சொட்டு நிற்காது

தூத்துக்குடியில் இப்போது எந்த மனையை வாங்கினாலும் எங்கே போகவும் பத்து நிமிடம்தான். நோட்டீஸில் அப்படித்தான் போட்டிருக்கிறது. வாகைகுளம் விமான நிலையம் பத்து நிமிடம், வின்பாஸ்ட் கார் ஆலை பத்து நிமிடம், துறைமுகமும் பத்தே நிமிடம். ஹெலிகாப்டர் வைத்திருப்பவர்களுக்கான கணக்கு போலிருக்கிறது. எனக்கு வி.வி.டி. சிக்னலைத் தாண்டவே அவ்வளவு நேரம் ஆகிறது. 2025 ஜூலை கடைசியில் விமான நிலையத்தின் புது முனையம் திறந்தார்கள், ஆகஸ்ட் தொடக்கத்தில் கார் ஆலை. அதன்பிறகு உடைமரம் நின்ற இடத்திலெல்லாம் கலர் கொடி நட்டு 'நகர்' என்று எழுதிவிட்டார்கள்.

அப்படி ஒரு நகர் எங்கள் காலனிக்குப் பக்கத்திலும் வருகிறது. மனைகள், வரிசை வீடுகள், நடுவில் அடுக்குமாடி, அதன் நடுவில் நீச்சல்குளம். படத்தில் நீச்சல்குளத்தைப் பார்த்ததும் தெருவே சிரித்தது. எங்களுக்கு அது 2023 டிசம்பர் 17-லேயே வீட்டுக்குள் வந்துவிட்டது. மார்கழி முதல் நாள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. இந்த மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கச் சராசரியாகப் பெய்வதைவிட அதிகம். கோரம்பள்ளம் குளம் உடைந்து தண்ணீர் ஊருக்குள் வந்தது. இந்தக் கடலில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது என்பார்கள். அந்த வாரம் எங்கள் தெருவில் முங்கித் தேடாத ஆள் இல்லை. அகப்பட்டது முத்தில்லை: இட்லிக் கொப்பரை, கேஸ் அடுப்பு, ஒரு ஸ்கூட்டர்.

புது நகரைப் பற்றிப் பேச பிள்ளையார் கோவில் முன்னால் கூட்டம் போட்டோம். துறைமுகத்தில் ரிடையரான அண்ணாச்சி முதலில் எழுந்தார். ஒன்பதாவது மாடியில் குடியிருப்பவர்கள் அவர் மொட்டைமாடியை நேராகப் பார்ப்பார்களாம். காலையில் துண்டோடு யோகாசனம் செய்கிறவர் அவர். எழுந்து பார்த்து அதிர்ச்சி அடையப்போவது அவர்கள்தான் என்று யாரோ சொல்ல, உட்கார்ந்துவிட்டார். அடுத்தவருக்குப் பரோட்டாக் கடைக் கவலை. இப்போதே ராத்திரி எட்டு மணிக்கு இலை போட இடமில்லை, இன்னும் நூற்றுக்கணக்கான குடும்பம் வந்தால் சால்னாவில் தண்ணீர் கூடிவிடும். அக்கா ஒருத்தி நியாயமாகக் கேட்டாள்: "வல்லநாட்டுல இருந்து வர்ற தண்ணி நம்ம குழாய்க்கே மூச்சு வாங்கிக்கிட்டு வருது. அவங்களுக்கு எங்கயிருந்து குடுப்பாவ?"

விவரம் தெரிந்த தம்பி ஒருவன் சட்டம் பேசினான். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனை என்றாலோ எட்டு வீட்டுக்கு மேல் கட்டினாலோ ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிய வேண்டும், கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும், பெரிய மனைப்பிரிவு என்றால் பத்து சதவீதம் திறந்தவெளி விட வேண்டும் என்று அடுக்கினான். எங்கள் காலனியிலும் திறந்தவெளி உண்டு. அதில் வேலிக்கருவை பூங்கா நடத்துகிறது.

கம்பெனியிலிருந்து டை கட்டிய பையன் ஒருவன் வந்திருந்தான். எல்லாப் பேப்பரும் சரியாக இருக்கிறது என்றான், இருந்திருக்கும். நாலடி உயரத்துக்குச் சரள் அடித்து மட்டப்படுத்தியிருப்பதாகப் பெருமையாகச் சொன்னான். "எங்க சைட்ல ஒரு சொட்டுத் தண்ணி நிக்காது சார்."

பின்வரிசையில் இருந்த அளத்துக்காரர் அதுவரை வாயே திறக்கவில்லை. ஐம்பது வருஷமாக உப்பளத்தில் நின்றவர். ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குத் தண்ணீர் போக விரல்கடைச் சரிவு போதும் என்பதைக் கண்ணாலேயே அளக்கிற ஆள்.

"ஒங்க சைட்ல நிக்காதுங்கிறதுதான்யா எங்க பிரச்சினை" என்றார்.

பையன் கையிலிருந்த டேப்லெட்டை மூடிவிட்டான்.

அவர் சொன்னதை எங்கள் தெருவிலேயே பார்க்கலாம். ஆதிச்சநல்லூரில் மண் அடுக்கை வைத்துக் காலம் கணிக்கிறார்கள். இங்கே வாசற்படி போதும். முதலில் கட்டிய வீட்டுக்குத் தெருவிலிருந்து மூன்று படி இறங்க வேண்டும். அடுத்தது ரோட்டு மட்டம். 2015 மழைக்குப்பின் கட்டிய வீட்டுக்கு மூன்று படி ஏற வேண்டும். 2023-க்குப் பிறகு கட்டியது ஏழு படி. அந்த வீட்டு ஆச்சி முட்டுவலியால் மாசக்கணக்கில் கீழே வருவதில்லை. அவரவர் உயர்த்தியது அவரவர் நியாயம்தான். ஆனால் ஒவ்வொருவரும் ஏறும்போது தண்ணீர் அடுத்த வீட்டுக்கு இறங்கியது. ஒரு வீடு செய்ததை இப்போது ஒரு நகர் செய்கிறது, அதுவும் மேற்கேயிருந்து கடலுக்குப் போகிற வெள்ளத்தின் வழியில். எங்கள் காலனி வந்தபோதும் பழைய தெருக்காரர்கள் இதையேதான் சொன்னார்களாம். அவர்கள் சொன்னது சரி, இப்போது நாங்கள் சொல்வதும் சரி.

வீடு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஊருக்கு வேலை வந்தால் ஆள் வரும், ஆள் வந்தால் வீடு வேண்டும். ஒன்பது மாடி என்ன, பத்தும் கட்டட்டும். தண்ணீர் எந்த வழியாக ஓடைக்குப் போகும் என்று முதலில் காட்டிவிட்டுக் கட்டட்டும்.

மனை பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சித்திரையில் கம்பெனிக்காரர்களே ஏசி வேனில் அழைத்துப்போவார்கள், போகாதீர்கள். கார்த்திகையில் சொந்தக் காசில் போங்கள். விலையைக் கம்பெனியில் கேளுங்கள். தண்ணீர் எதுவரை வந்தது என்று பக்கத்துத் தெரு டீக்கடையில் கேளுங்கள்.