சாவி இருக்கிறது, பெட்டி எங்கே?

1992-இல் 73-ஆவது அரசியல் சாசனத் திருத்தம் ஊராட்சிகளுக்காக 29 துறைகளை அட்டவணை போட்டது. ‘உங்கள் ஊரை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்றதும் அவையும் பார்க்கின்றன. ஒரகடம் பக்கத்து ஊராட்சி கார் தொழிற்சாலையின் மதிலைப் பார்க்கிறது, வரி வருகிறது. கமுதிப் பக்கத்து ஊராட்சிக்குக் கண்ணுக்கெட்டியவரை சீமைக் கருவேலம்; முள்ளுக்கு வீட்டுவரி போட வழியில்லை. சமமாகக் கிடைத்த அதிகாரம் இப்படித்தான் இருப்பவன் கையில் இனிக்கிறது. நிதி ஆணையம் மானியம் தருகிறதே என்பார்கள். தருகிறது, 15-ஆவது ஆணையத்தின் ஊரக மானியத்தில் 60 விழுக்காடு குடிநீர், துப்புரவு என்று முடிச்சுப் போட்டே வந்தது, கடைக்கு அனுப்பும் பிள்ளையிடம் காசோடு சீட்டையும் திணிப்பதுபோல. அப்படியானால் பழையபடி எல்லாவற்றையும் கோட்டையே பார்க்கட்டுமே என்றால், அந்தக் கருவேல விதையைத் தூவியதே கோட்டை பார்த்த காலத்தில்தான்.